அமாவாசை வாய்தா

பஸ்ஸில் வலது பக்க ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதை நான் எப்போதும் ஜெபகுமாருக்குத்தான் கொடுப்பேன். அவனுக்கு அடிபட்டது வலது தோளில். ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துவிட்டால், நடுவழியில் நிற்கிறவர்கள் அந்தத் தோளில் இடிக்க முடியாது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகிற வழியில் எங்கெங்கே ரோடு தூக்கிப் போடும் என்று எனக்கு மனப்பாடம். முன்கூட்டியே "வருதுடா" என்று சொல்லிவிடுவேன். அவன் பல்லைக் கடித்துக்கொள்வான். என்னைப் பற்றி நீங்கள் எதை எழுதிக்கொண்டாலும் மேடம், இதையும் ஓர் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பரமசிவம். வயது நாற்பத்தொன்பது. பிள்ளையார்பாளையத்தில் சொந்த வீடு. முன்னறை முழுக்கத் தறி. மிச்சம் இருக்கிற இடத்தில்தான் நானும் என் மனைவி ஏலவார்குழலியும் குடியிருக்கிறோம். பட்டு, ஜரிகை, டிசைன் எல்லாம் முதலாளி கொடுப்பார். நான் நெய்து கொடுப்பேன்.

புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வைத்து இரண்டையும் பிணைத்து நெய்வதைக் கோர்வை என்போம். அது ஒருவனால் ஆகிற வேலை இல்லை. நெய்கிறவனுக்கு வலது பக்கம் இன்னொருவன் உட்கார்ந்து, கரைக்குரிய நூல் கண்டு வைத்த நாடாக்கட்டையைத் தள்ளித் தர வேண்டும். எனக்கு ஒன்பது வருடமாக அப்படி உட்கார்ந்தவன் ஜெபகுமார். தாமலில் இருந்து தினமும் வண்டியில் வருவான். அவனுடைய அப்பா, அம்மா எல்லாம் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகத் தறியில் உட்கார்ந்தவன் இவன்தான். சர்ச்சில் தபேலா வாசிப்பான். அந்த விரல் சுத்தம் நாடா தள்ளுவதிலும் இருக்கும்.

முதலாளி கூலியை என்னிடம் கொடுப்பார். அதிலிருந்து அவனுக்கு நான் கொடுப்பேன். எங்கள் ஊர் வழக்கம் அது. எந்த நோட்டிலும் அவன் பெயர் இருக்காது. முதலாளிக்கு அவன் முகம் தெரியும். பெயர் தெரியாது. "உன் கோர்வை ஆளு" என்றுதான் சொல்வார். அந்த வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று சில சமயம் தோன்றுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன், ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தறிக்கு மேலே கட்டையில் பொருத்தியிருந்த ஜக்கார்டு பெட்டி கழன்று விழுந்தது. டிசைன் அட்டைகளை இயக்குகிற பெட்டி அது. நல்ல கனம். தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறவனால் சட்டென்று எழ முடியாது. அவன் தோளிலும் கழுத்திலும் விழுந்தது. நான் இடது பக்கம் இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டோவில் போட்டு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். "வண்டில இருந்து வுழுந்துட்டான்" என்றேன். அதுதான் முதல் பொய். வேலை செய்கிற இடத்தில் அடிபட்டதென்றால் போலீசுக்குத் தகவல் போகும், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஜெபகுமார் அரை மயக்கத்தில் இருந்தான். மறுநாள் அவனிடம், "வண்டின்னு சொன்னாதான்டா சீக்கிரம் பாக்குறானுங்க" என்றேன். "தேங்க்ஸ்ணா" என்றான்.

நான்காம் நாள் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். பலரும் இதைச் செய்ய மாட்டார்கள். எனக்கு எதையும் தெரிந்துகொண்டு செய்வதுதான் பழக்கம். அவர் பொறுமையாகச் சொன்னார். வேலையில் அடிபட்டவன் நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் ஆபீசில் மனு போடலாம். காயம் ஆறினாலும் வலி நிற்காவிட்டால், கை பழையபடி வேலை செய்யாவிட்டால், டாக்டர்கள் பார்த்து இத்தனை சதவீதம் ஊனம் என்று எழுதுவார்கள். அதை வைத்து ஈடு கிடைக்கும். ஆனால் யார் அவனை வேலைக்கு வைத்தது என்பதில்தான் சண்டை வரும்.

"முதலாளி இன்னா சொல்லுவாரு? தறி உன்னுது, எடம் உன்னுது, கூலி குடுத்தவன் நீ, அதனால நீதான் முதலாளின்னு சொல்லுவாரு" என்றார் வக்கீல். "நீ கூண்டுல ஏறி, பட்டு அவருது, ஜரிகை அவருது, நானே அவருகிட்ட கூலிக்காரன்னு சாட்சி சொன்னா அவரு தலைல வுழும். சொல்லலன்னா உன் தலைல வுழும். வீடு இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

"அப்ப பாத்துக்கோ."

மனுவே போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். இரண்டு வருடம்தான் கெடு என்றார். அதற்குப் பிறகு கதவைத் திறக்க வேண்டுமானால் தாமதத்துக்கு நல்ல காரணம் காட்ட வேண்டுமாம்.

முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொன்னால் அடுத்த புடவைக்கு நூல் பாவு எனக்கு வராது. அவருக்கு மட்டுமல்ல, ஊரில் எந்த முதலாளிக்கும் நான் ஆகாதவன் ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் வீடு போய்விடும். நான் யோசித்த விதத்தில் தப்பு எங்கே இருக்கிறது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சுவர். நடுவில் இரண்டு வருடம் என்று ஒரு சந்து. அதன் வழியாக நடந்துவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டாம் மாதமே ஜெபகுமாரின் மனைவி சுகாசினி கேட்டாள். அவள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். விடியற்காலை வேன் ஏறினால் இருட்டித்தான் திரும்புவாள்.

"அண்ணா, தோள்லேர்ந்து வெரல் வரைக்கும் சாயக் கொப்பரையில கைய வுட்டா மாதிரி எரியுதுன்னு அழுவுறாருண்ணா. கேஸு கீஸு போட முடியாதா?"

"நான் பாத்துக்கினுதாம்மா இருக்கேன். வக்கீல்கிட்ட பேசிட்டேன்" என்றேன். அதில் பொய் இல்லை. பேசியிருந்தேன்.

கோர்ட்டுக்கு எதிரில் இருக்கிற கடையில் வக்காலத்து பாரம் வாங்கி வந்தேன். வலது கை தூக்க வராததால் இடது கையில் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டு வா என்றேன். ஒரு வாரம் தன் பிள்ளையின் நோட்டில் எழுதிப் பழகினான். அந்த பாரத்தை அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன். நேற்று உங்கள் ஆட்கள் எடுத்துப்போன இரும்புப் பெட்டியில் இருக்கும், பாருங்கள்.

அதன் பிறகு மாதா மாதம் அவனைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். காஞ்சிபுரத்திலேயே ஓர் ஆபீசைக் காட்டியிருக்கலாம். இங்கே தெரிந்த முகம் எதிரில் வரும். சென்னையில் ஒரு பெரிய அரசு அலுவலக வளாகம், உள்ளே நாலைந்து கட்டடம், ஏகப்பட்ட கூட்டம். அவனை ஒரு புங்கமரத்தடியில் உட்கார வைப்பேன். "உன்னைக் கூப்புட்டாத்தான் வரணும், இங்கியே இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். முக்கால் மணி நேரம் வராந்தாவில் நிற்பேன். நோட்டீஸ் போர்டைப் படிப்பேன். ஒரு தடவை பியூன் ஒருவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பாத்ரூம் எங்கே என்றேன். மூன்றாம் மாதத்திலிருந்து அவர் என்னைப் பார்த்தால் தலையாட்டுவார்.

திரும்பி வந்ததும் ஜெபகுமார் கேட்பான். "ஆபீசரு இன்னா சொன்னாருணா?"

"நல்ல மனுசன்டா. உன் பேரச் சொன்னதும் சிரிச்சாரு."

"இன்னாணா, பொண்ணு பாத்துட்டு வந்தா மாதிரி சொல்ற. கேஸு இன்னா ஆச்சு?"

"வாய்தா."

"போன வாட்டியும் இதே பொண்ணுதான?" என்று சிரிப்பான். சிரித்தால் தோள் குலுங்கும். உடனே முகம் சுருங்கிவிடும். டீயும் பன்னும் வாங்கித் தருவேன். ஒரு நாளும் அவனிடம் பஸ் டிக்கெட்டுக்குக் காசு வாங்கியதில்லை.

ஒன்று புரிய வேண்டும் மேடம். நான் அந்தச் சதவீதத்தையோ ஈட்டையோ திருடவில்லை. அப்படி ஒன்று இருக்கவே இல்லை. கேஸே இல்லை. இல்லாத ஒன்றை நடத்துவது எவ்வளவு வேலை என்பது செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவரை உண்டாக்கினேன். அவருக்கு ஒரு மாதம் டெங்கு காய்ச்சல் வந்தது. ஆபீசர் மாறினார். பைல் ஒரு தடவை காணாமல் போய்க் கிடைத்தது. கேஸ் நம்பர் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அதைச் சுகாசினி பைபிளுக்குள் வைத்திருந்தாளாம்.

ஏலவார்குழலி ஒரு நாள் கேட்டாள். ஜெபகுமார் இடத்தில் இப்போது அவள்தான் உட்கார்ந்து நாடா தள்ளுகிறாள்.

"எதுக்கு மாசா மாசம் அவன இழுத்துக்கினு போற?"

"கேஸுக்கு."

"வக்கீல் பேரு இன்னா?"

நான் மிதியை மிதித்தேன். அவள் நாடாவைத் தள்ளினாள். அதன் பிறகு அவள் கேட்டதில்லை.

நீங்கள் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

அடிபட்டு மூன்றாம் மாதம் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஜெபகுமார் அப்போது பக்கத்து அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான், நர்ஸ் உதவி செய்துகொண்டிருந்தாள். நரம்பு அறுந்திருக்கிறது. அடிபட்ட ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கை ஓரளவு திரும்பும், வலியும் குறைய வழியிருக்கிறது. நாள் கடந்துவிட்டால் செய்து பிரயோஜனமில்லை. தெளிவாகத்தான் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

ஆபரேஷன் என்றால் வாரக்கணக்கில் அங்கே படுக்க வேண்டும். காப்பீட்டுக்குப் பாரம் நிரப்புகிறவர் கேட்பார், நர்ஸ் கேட்பார், பக்கத்துக் கட்டில்காரன் கேட்பான், எப்படி அடிபட்டது என்று. ஜெபகுமாருக்குப் பொய் சொல்ல வராது. தறி என்று சொல்வான். எங்காவது எழுதி வைப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அவனிடம் சொன்னேன். "ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்றாரு. ஆனா கேஸு நடக்கும்போது பண்ணக்கூடாதுடா. வலிதான் உனக்கு சாட்சி. அதை நாமளே வெட்டி எடுத்துட்டா ஆபீசர் எதப் பாத்து சதவீதம் போடுவாரு?"

"எவ்ளோ நாளுணா ஆவும்?"

"முடிஞ்சதும் பண்ணிக்கலாம். டாக்டர் எங்கியும் ஓடிடப் போறதில்ல."

"நீ சொன்னா சரிதாண்ணா."

ஆறு மாதக் கெடு முடிந்தது மார்கழியில். ஆஸ்பத்திரி பைலை எடுத்து அந்த இரும்புப் பெட்டியில் வக்காலத்து பாரத்தோடு வைத்தேன்.

அதே காரணத்தால் வேறு சிலவற்றையும் நிறுத்த வேண்டி வந்தது. சுகாசினி தன் கம்பெனியில் அவனுக்குக் கேட் வாட்ச்மேன் வேலை கேட்டு வாங்கினாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. போக வேண்டாம் என்றேன். எதிர்த்தரப்பு ஆள் வைத்து போனில் வீடியோ எடுக்கும், கை நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிடும் என்றேன். அவன் போகவில்லை. சர்ச்சில் இடது கையால் கஞ்சிராவாவது தட்டச் சொன்னார்களாம். அதற்கும் மாட்டேன் என்றுவிட்டான். பிறகு சர்ச்சுக்குப் போவதையே குறைத்துக்கொண்டான். வாசலில் உட்கார்ந்தால்கூட யாராவது பார்க்கிறார்களா என்று ரோட்டைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான் என்று சுகாசினி சொன்னாள். எதிர்த்தரப்பு என்று ஒருவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவனோடு நடக்கும்போது நானும் சில சமயம் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

எப்படி மாட்டிக்கொண்டேன் என்று கேட்டால், நெசவுக்காரன் புத்தியால் மாட்டிக்கொண்டேன். அமாவாசையன்று நாங்கள் தறியில் கை வைக்க மாட்டோம். மற்றவர்களுக்கு ஞாயிறு எப்படியோ எங்களுக்கு அமாவாசை அப்படி. மாதத்தில் எனக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான். வேறு நாளில் சென்னைக்குப் போனால் ஒரு நாள் நெசவு போய்விடும். அதனால் வாய்தாவை எல்லாம் அமாவாசையில் வைத்தேன். அது சனி, ஞாயிறில் வந்தால் அந்த மாதம் வாய்தா இல்லை என்றேன். ஜெபகுமாருக்கு இதில் சந்தேகம் வரவில்லை. "கர்த்தர் கிருபைணா, உன் வேல கெடாம வாய்தா வருது" என்றான்.

சுகாசினி ஒவ்வொரு வாய்தாவையும் அவர்கள் சர்ச் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வந்திருக்கிறாள். அந்தக் காலண்டரில் அமாவாசை, பவுர்ணமி எதுவும் போட்டிருக்காது. போன மாதம் அவள் கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு விரலில் மிஷின் பட்டு, அவளோடு துணைக்கு வக்கீல் தேவிப்ரியாவின் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். போன இடத்தில் தன் கணவன் கேசையும் சொல்லியிருக்கிறாள். வக்கீலம்மா நம்பரைத் தேடினார். இல்லை. தப்பாக எழுதியிருக்கலாம் என்று நினைத்துத் தேதிகளைக் கேட்டார். சுகாசினி இரண்டு வருடக் காலண்டரையும் கொண்டுபோய் மேஜையில் போட்டாள். வக்கீலம்மாவின் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. இரண்டு மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"ஏம்மா, இந்த ஆபீசர் அமாவாசைக்கு மட்டுந்தான் வேலைக்கு வராரா?"

மறுநாள் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். தறி ஓடிக்கொண்டிருந்தது. ஏலவார்குழலி எழுந்து சமையல் பக்கம் போய்விட்டாள். தேவிப்ரியா கத்தவில்லை. படித்தவர். "கேஸ் எங்கங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

சுகாசினி காலண்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். "வாய்தாவுக்குப் போறப்பல்லாம் ராத்திரியே சட்டைய இஸ்திரி போட்டு வெப்பாருண்ணா" என்றாள்.

இரண்டு வருடக் கெடு ஆனியிலேயே முடிந்துவிட்டது. கெடு முடிந்த அன்று காலை குளித்துவிட்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்வந்தேன். வழக்கம்போல் தறியில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் ஆடியிலும் ஆவணியிலும் அவனைச் சென்னைக்கு ஏன் அழைத்துப் போனாய் என்று கேட்கிறீர்கள். தேவையில்லைதான். கேஸ் தள்ளுபடியாகிவிட்டது என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவன் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருப்பான். அவனை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அந்த ஜக்கார்டு பெட்டியைத் தாங்கிய இரண்டு போல்ட்டில் ஒன்று, அது விழுவதற்கு ஆறு மாதம் முன்பே மரை தேய்ந்து கழன்றுவிட்டது. புது போல்ட் வாங்கி மாட்ட வேண்டுமென்றால் பெட்டியை இறக்க வேண்டும். இரண்டு நாள் தறி நிற்கும். கழிவுப் பட்டு நூலை எட்டுப் புரியாக முறுக்கிக் கட்டினேன். பட்டு இரும்பைவிடத் தாங்கும் என்று நம்பித்தான் கட்டினேன். எங்கள் தெருவில் யாரும் அப்படித்தான் நம்புவார்கள். கட்டும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவன் ஜெபகுமார். "தாங்குமாணா?" என்றான். "உன் தலமேலயா வுழப்போவுது" என்றேன். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அன்று மாலையே அந்த நூலை அடுப்பில் போட்டேன். பெட்டியை ஏற்றிப் புது போல்ட் மாட்டினேன். அரை நாள் வேலைதான் அது. இரண்டு நாள் பிடிக்கவில்லை.

ஆக, பெட்டி விழுந்தது என்னால். ஆஸ்பத்திரியில் பொய் எழுத வைத்தது நான். மனு போடாமல் கெடுவைக் கடத்தினேன். அவன் கை திரும்பியிருக்கக்கூடிய மூன்று மாதத்தைத் தெரிந்தே கடத்தினேன். போலீசில் சொன்னது கோர்ட்டில் நிற்காது என்பது எனக்குத் தெரியும்; மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையே சொல்கிறேன். தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தேவிப்ரியா மனு போடப் போகிறாராம். அதற்குக் காட்ட வேண்டிய காரணம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால், தாமலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். அவனும் நானும் ஒன்பது வருடம் ஒரே குழியில் கால் போட்டவர்கள். போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? வாசலில் உட்கார்ந்திருந்தான். கை மெலிந்து மடியில் கிடந்தது. எதிரில் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் ஒரு மணி நேரம் நின்றேன். அவன் திட்டவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கோபம் இருந்தால் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பான் மேடம். அவன் சுபாவம் எனக்குத் தெரியும். என்மேல் அவனுக்கு ஒன்றும் இல்லை.